வெட்டிப் போட்ட 17 நிமிடங்கள்

ஒரு படம் ஓடிவிட்டால் இரண்டாம் பாகம் வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. சில படங்கள் பிறக்கும்போதே 'பாகம் ஒன்று' என்று பெயர் போட்டுக்கொண்டுதான் பிறக்கின்றன. முதல் பாகத்தை எடுத்தவரே இரண்டாவதையும் எடுத்தால், ஒரே கல்லில் அடுத்த தோசை வார்ப்பதுபோல. அதில் பெரிய கதை எதுவும் இல்லை. ஆனால் முதல் பாகத்தை ஒருவர் எடுத்து, ஊரே கொண்டாடி, இரண்டாவதைத் தூக்கி வேறொருவர் கையில் கொடுத்தால் அந்த ஆளின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நன்றாக வந்தால் "முதல்ல எடுத்தவர் போட்ட அஸ்திவாரம்" என்பார்கள். சொதப்பினால் "நல்லா இருந்ததைத் தொட்டுக் கெடுத்துட்டான்" என்பார்கள்.

சினிமா பற்றி எழுதுகிற ஆள் இல்லை நான். பாளையங்கோட்டைக்காரி, நர்ஸ். ஆனால் என் மகள் சென்னையில் கிராபிக்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். ஹீரோ பறக்கும்போது தெரிகிற கம்பியை அழிப்பது, பச்சைத் துணியை வானமாக்குவது, இதெல்லாம் அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் அம்மாவை உட்கார வைத்துப் படம் காட்டுவாள். சும்மா காட்ட மாட்டாள். ஒவ்வொரு காட்சியையும் நிறுத்தி, எப்படி எடுத்தார்கள் என்று கதை சொல்லிவிட்டுத்தான் அடுத்த காட்சிக்குப் போவாள். இந்தப் பொங்கலுக்கு அவள் கொண்டுவந்த டிஸ்க், 'ஏலியன்ஸ்'. 1986-ல் வந்த ஆங்கிலப் படம். அது ஒரு இரண்டாம் பாகம், அதுவும் புது டைரக்டர் எடுத்தது.

முதல் பாகத்தைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். 'ஏலியன்' 1979-ல் வந்தது. ரிட்லி ஸ்காட் எடுத்தது. ஒரு சரக்கு விண்கலம், அதில் ஏழு பேர், ஒரு பூனை. நடுவழியில் ஒரு ஜந்து உள்ளே ஏறிவிடுகிறது. ஒவ்வொருவராகப் போய், கடைசியில் மிஞ்சுவது ரிப்ளி என்கிற ஒரு பெண்ணும் அந்தப் பூனையும். பேய் பங்களா கதையை ஆகாயத்தில் வைத்து எடுத்ததுபோல இருக்கும். அந்த ஜந்துவை வரைந்து கொடுத்தவர் கீகர் என்கிற ஸ்விட்சர்லாந்து ஓவியர். சுமார் 1.1 கோடி டாலரில் எடுத்த படம், உலகம் பூராவும் ஓடியது. ரிப்ளியாக நடித்த சிகோர்னி வீவர் அதுவரை அதிகம் தெரியாத முகம்.

இவ்வளவு ஓடிய படத்துக்கு அடுத்த பாகம் வர ஏழு வருடம் ஏன் ஆனது? லாபத்தைப் பங்கு போடுவதில் தயாரிப்பாளர்களுக்கும் ஸ்டூடியோவுக்கும் கோர்ட்டு வரை சண்டை. நடுவில் ஸ்டூடியோவில் பெரிய ஆட்கள் வேறு மாறிக்கொண்டே இருந்தார்கள். இதைச் சொன்னபோது மகள் சிரித்தாள். "எல்லா ஊர்லயும் ஒரே கதைதாம்மா!"

அந்த நேரத்தில் உள்ளே வந்தவர் ஜேம்ஸ் கேமரூன். இன்றைக்கு 'டைட்டானிக்', 'அவதார்' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்போது அவர் யார்? கனடாவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். 1977-ல் 'ஸ்டார் வார்ஸ்' பார்த்துவிட்டு, இனி சினிமாதான் என்று வேலையை விட்டவர். சிக்கனத்துக்குப் பேர்போன ரோஜர் கோர்மன் கம்பெனியில் செட்டு போட்டுத் தொழில் படித்தவர். 'டெர்மினேட்டர்' எடுக்கத் தயாரானபோது ஹீரோ அர்னால்டு வேறொரு படத்துக்குக் கொடுத்த வாக்கால் படம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. சும்மா இருக்க வேண்டாமே என்று அந்த இடைவெளியில் ராம்போவின் இரண்டாம் பாகத்துக்கும் ஏலியனின் இரண்டாம் பாகத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தார். ஏலியன் கதை பாதியில் நிற்கும்போது டெர்மினேட்டர் ஷூட்டிங் வந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஸ்டூடியோ இன்னொரு எழுத்தாளரைத் தேடிப் போயிருக்கும். எழுதின வரைக்கும் படித்துப் பார்த்த அவர்கள், "முடித்துவிட்டு வா, காத்திருக்கிறோம்" என்றார்கள்.

பேச்சுவார்த்தைக்குப் போனபோது கேமரூன் பலகையில் ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்று எழுதினாராம். பின்னால் ஒரு 'எஸ்' சேர்த்தாராம். அந்த எஸ்ஸின் மேல் நெட்டுக்குத்தாகக் கோடு கிழித்து, டாலர் குறியாக்கிவிட்டுத் திரும்பிப் பார்த்தாராம். சினிமாக்காரர்கள் சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதையாகவும் இருக்கலாம். ஆனால் அந்த ஒரு 'எஸ்'-ஸில் அவருடைய மொத்த யோசனையும் இருக்கிறது. பழையபடி ஒரு ஜந்து, ஒரு கப்பல், இருட்டு என்று எடுத்தால் ஸ்காட்டோடு மல்லுக்கட்ட வேண்டும். அதில் ஜெயிக்க முடியாது. அதனால் ஒன்றைப் பலவாக்கினார். பேய்ப் படத்தைப் போர்ப் படமாக மாற்றினார். பெரிய பெரிய ஆயுதத்தோடு போன அமெரிக்கப் பட்டாளம் வியட்நாமில் தோற்ற கதை அவர் மனதில் இருந்தது.

எனக்குப் பெரிதாகப் பட்டது அவர் கேட்ட இன்னொரு கேள்விதான். தப்பித்து வந்த அந்தப் பெண்ணுக்கு வீட்டில் யார் இருந்தார்கள்? முதல் படத்தில் யாரும் அதைக் கேட்கவில்லை.

படம் எடுத்தது இங்கிலாந்தில், பைன்வுட் ஸ்டூடியோவில். 1985 செப்டம்பரில் ஆரம்பித்தார்கள். பட்ஜெட் சுமார் 1.85 கோடி டாலர். டெர்மினேட்டரை 64 லட்சம் டாலரில் முடித்த ஆளுக்கு இது பெரிய பணம். படத்தின் தயாரிப்பாளர் கேல் ஆன் ஹர்ட், கேமரூனின் மனைவி. அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. புதுத் தம்பதி தேனிலவுக்குப் போகிற வயதில் ஜந்துக்களோடு மல்லுக்கட்ட லண்டன் போயிருக்கிறார்கள்!

பைன்வுட்டில் அவர்களை யாரும் ஆரத்தி எடுத்து வரவேற்கவில்லை. அங்கே உள்ள தொழிலாளர்களுக்கு ரிட்லி ஸ்காட் நம்ம ஊர்ப் பையன். அவர் எடுத்த படத்துக்கு இரண்டாம் பாகம் எடுக்க முப்பத்தொரு வயதுப் பையன் அமெரிக்காவில் இருந்து வந்து நிற்கிறான். "என்னுடைய படத்தை ஒரு தடவை பாருங்கள்" என்று டெர்மினேட்டரைப் போட்டுக் காட்ட ஏற்பாடு செய்தார் கேமரூன். எட்டிப் பார்த்தவர்கள் சொற்பம். ஹர்ட்டிடமே, "சரிம்மா, நிஜமான தயாரிப்பாளர் யாரு?" என்று கேட்டவர்கள் உண்டு. ஒரு பெண் முதலாளியாக இருக்க முடியும் என்பது அவர்கள் மண்டையில் ஏறவில்லை.

அப்புறம் டீ வண்டி. காலையில் ஒரு தடவை, மதியத்துக்கு மேல் ஒரு தடவை, ஒரு அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். அந்த நேரம் ஜந்துவின் வாயில் ஹீரோயின் தலை இருந்தாலும் சரி, எல்லாரும் வேலையைப் போட்டுவிட்டு வரிசையில் நின்றுவிடுவார்கள். ராத்திரி பகல் பார்க்காமல் வேலை செய்து பழகிய கேமரூனுக்கு அந்த வண்டியைப் பார்த்தாலே ரத்தக்கொதிப்பு ஏறியிருக்கிறது. முதல் உதவி இயக்குநரோடு தகராறு முற்றி, அவரை வெளியே அனுப்பப்போக, யூனிட்டே வேலையை நிறுத்திவிட்டது. உட்கார வைத்துப் பேசித்தான் சமாதானம் ஆனது. லைட்டிங் விஷயத்தில் ஒத்துவராமல் ஒளிப்பதிவாளரையும் மாற்றினார்கள். புதிதாக வந்த ஏட்ரியன் பிடில் அதற்கு முன் ஒரு முழுப் படத்துக்கும் ஒளிப்பதிவு செய்ததில்லை. விளம்பரப் படங்கள்தான். அதுவும் ஸ்காட்டின் விளம்பரங்களுக்கு! முதல் 'ஏலியன்' படத்தில் கேமராவுக்கு ஃபோகஸ் பார்த்தவரும் அவர்தான். பழைய டைரக்டரின் ஆளே புது டைரக்டருக்குக் கை கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் நான் ரிமோட்டை வாங்கி நிறுத்திவிட்டு, "ஏட்டி, இது நம்ம வீட்டுக் கதைல்லா?" என்றேன்.

அதைச் சொல்வதற்கு முன், நான் எங்கே போனேன், எப்போது வந்தேன் என்று சொல்ல வேண்டும். 2004-ல் மஸ்கட்டில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேலைக்குப் போனேன். மகளுக்கு ஐந்து வயது. வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். வீட்டுக் கடன் இருந்தது. போக வேண்டியிருந்தது, போனேன். ஏழு வருடம். மகளை வளர்த்தது என் அம்மா. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு மாத லீவு. மற்றபடி வெள்ளிக்கிழமை போன் கார்டு. "சாப்பிட்டியா, ஸ்கூலுக்குப் போனியா, ஆச்சி சொன்னபடி கேக்கியா" என்று மூன்று கேள்வி கேட்பதற்குள் கார்டில் பணம் தீர்ந்துவிடும்.

2011-ல் ஒரேயடியாகத் திரும்பி வந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. வீட்டில் ஒரு பழைய யூனிட் எனக்காகக் காத்திருந்தது. தலை பின்னினால், "ஆச்சி இவ்ளோ இறுக்க மாட்டா." சொதி வைத்தால், "ஆச்சி இஞ்சி கூட போடுவா." பரீட்சைக்கு எழுப்பினால், "ஆச்சி லைட்டப் போட மாட்டா, காலைத் தடவுவா." ஆச்சி பாவம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். ஆனால் சாயங்காலம் நாலு மணி காபி என்றால் நாலு மணிதான். இடி விழுந்தாலும் எல்லாரும் நடுவீட்டில் டம்ளரோடு உட்கார வேண்டும். பன்னிரண்டு மணி நேர டியூட்டி பார்த்துப் பழகியவள் நான். பாதி வேலையில் போட்டுவிட்டு வந்து காபிக்கு உட்காருவது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? பைன்வுட் டீ வண்டிக் கதை கேட்டதும் எனக்குக் கேமரூன் மேல் பாசமே வந்துவிட்டது.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆனா நீ ஆச்சிய வேலைய விட்டுத் தூக்கல" என்றாள்.

தூக்க முடியுமா என்ன? கேமரூனாலும் யூனிட்டைத் தூக்க முடியவில்லையே. முட்டி மோதிக்கொண்டே அதே ஆட்களை வைத்துத்தான் படத்தை முடித்தார். கடைசி நாளில் அவர்களுக்கு ஒரு பிரிவுரை வேறு. இந்த கேட்டைத் தாண்டி ஒரு நாள் காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவேன், திரும்பி வர மாட்டேன், நீங்கள் இங்கேயே கிடப்பீர்கள் என்கிற மாதிரி. எனக்கு அது பிடிக்கவில்லை. குளிரில் நின்று உனக்கு உழைத்தவர்களிடம் பேசுகிற பேச்சா அது? மகள் அவர் பக்கம். "டென்ஷன்ல பேசுனதுமா" என்கிறாள். படத்துறையில் அவளும் டென்ஷன் பார்த்தவள், அதனால் விட்டுவிட்டேன்.

படம் எடுத்த சாமர்த்தியத்தைப் பற்றி அவள் சொல்லும்போது கண் மின்னும். அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரில் ஜந்து செய்ய முடியாது. எல்லாம் கையால்தான். நூற்றுக்கணக்கில் ஜந்துக்கள் வருவதுபோல நமக்குத் தெரிகிறதே, நிஜத்தில் இருந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய உடைகள். ஒல்லியான டான்சர்களுக்கும் ஸ்டன்ட் ஆட்களுக்கும் மாட்டி, இருட்டில், புகையில், வெட்டி வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் தூங்கும் பெட்டிகள் வரிசையாக நீளமாகத் தெரியும். பாதிப் பெட்டிதான் செய்தார்கள், மீதி கண்ணாடியில் தெரியும் பிம்பம். அவர்கள் ஏறிப்போகும் கவச வண்டி, ஏர்போர்ட்டில் விமானத்தை இழுக்கிற வண்டி. எடை தாங்காது என்று பாதி இரும்பைக் கழற்றிவிட்டு, மேலே தகடு அடித்து மாற்றியிருக்கிறார்கள். ஜந்துக்களின் கூடு இருக்கிற இடம் லண்டனில் ஆக்டன் லேன் என்ற இடத்தில் மூடிக்கிடந்த மின் நிலையம். உள்ளே போவதற்கு முன் அங்கிருந்த ஆஸ்பெஸ்டாஸை எல்லாம் சுத்தம் பண்ண வேண்டியிருந்தது. நல்லவேளை, பண்ணினார்கள்.

எல்லாவற்றிலும் பெரியது ராணி ஜந்து. பதினான்கு அடி உயரம். உருவாக்கியவர் ஸ்டான் வின்ஸ்டன். இப்படி ஒன்று நடக்குமா நடக்காதா என்று பார்க்க முதலில் ஒரு பரீட்சை செய்தார்கள். ஒரு வண்டி நிறுத்துகிற இடத்தில் கிரேன் கட்டி, அதில் இரண்டு ஆட்களைத் தொங்கவிட்டு, கைகளுக்குப் பனிச்சறுக்குக் கம்புகளைக் கொடுத்து, மேலே குப்பை போடுகிற கறுப்புப் பிளாஸ்டிக் பைகளைச் சுற்றினார்கள். அந்தக் குப்பைப் பை ராணி நடந்ததைப் பார்த்த பிறகுதான் நிஜ ராணிக்கு வேலை ஆரம்பித்தது. உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்து கைகளை ஆட்ட, வெளியே ஒரு பட்டாளம் கேபிளையும் லிவரையும் இழுக்க, நமக்கு அது உயிரோடு சீறுவதுபோல இருக்கிறது. கடைசிச் சண்டையில் ரிப்ளி ஒரு இரும்பு எந்திரத்துக்குள் நின்று ராணியோடு மோதுவாளே, அந்த எந்திரத்துக்குப் பின்னால் ஒரு பலசாலி ஆள் ஒளிந்து நின்று அதன் கை காலைத் தூக்கியிருக்கிறான். மகள் படத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை. "தெரியக்கூடாதும்மா, அதான் வேலை" என்றாள்.

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன்.

ரிப்ளி தப்பித்த சின்னக் கலம் ஆகாயத்தில் அலைந்துகொண்டே இருக்கிறது. அவள் உறைந்த தூக்கத்தில் இருக்கிறாள். யாரோ கண்டுபிடித்து எழுப்புகிறார்கள். எத்தனை நாள் தூங்கினேன் என்று கேட்டால், 57 வருடம் என்கிறார்கள். அவளுக்கு வயது ஏறவில்லை, உலகத்துக்கு ஏறிவிட்டது. ஆஸ்பத்திரி மாதிரியான இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே மரங்கள் தெரிகின்றன. நிஜ மரம் இல்லை, திரையில் ஓடுகிற மரம். கம்பெனிக்காரன் ஒருவன் வந்து காகிதம் ஒன்றைக் கொடுக்கிறான். அவள் மகளைப் பற்றிய தகவல். மகள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அறுபத்தாறு வயது. காகிதத்தில் ஒரு கிழவியின் படம். அவள் அந்தப் படத்தைக் கையால் தடவுகிறாள். அடுத்த பிறந்தநாளுக்கு, பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன் என்கிறாள்.

அவ்வளவுதான் காட்சி. இரண்டு நிமிடம் இருக்கும். மகள் இந்த இடத்தில் படத்தை நிறுத்தவில்லை. எப்படி எடுத்தார்கள் என்று ஒன்றும் சொல்லவில்லை. டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தாள், நானும் அப்படியே.

அவளுடைய பத்தாவது பிறந்தநாளுக்கு நான் வருவதாக இருந்தது. டிக்கெட் போட்டாகிவிட்டது. வார்டில் ஆள் குறைச்சல் என்று கடைசி வாரத்தில் லீவை ரத்து செய்துவிட்டார்கள். நான் போனில் சொன்னபோது அவள் அழவில்லை. "சரிம்மா" என்றாள். ஆச்சி பிறகு சொன்னாள், அன்றைக்குப் புதுப் பாவாடையைப் போட்டுக்கொண்டு வாசல் படியில் ராத்திரி வரை உட்கார்ந்திருந்தாள் என்று. இதை நானும் அவளும் இத்தனை வருடத்தில் பேசியதே கிடையாது. எனக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியுமா என்பதுகூட எனக்குத் தெரியாது.

காட்சி மாறிய பிறகு, திரையைப் பார்த்தபடியே அவள் ஒரு தகவல் சொன்னாள். "அந்தக் கிழவி போட்டோ யாருன்னு தெரியுமாம்மா? சிகோர்னி வீவரோட நிஜ அம்மா."

விசாரித்தால் உண்மைதான். எலிசபெத் இங்கிலிஸ் என்று பெயர். இங்கிலாந்தில் பிறந்த நடிகை. அறுபத்தாறு வயது மகளுக்குப் படம் வேண்டும், ரிப்ளி ஜாடையும் வேண்டும். அவள் அம்மாவின் போட்டோவை வாங்கி வைத்துவிட்டார்கள். ஆக, அந்தக் காட்சியில் வீவர் தன் மகள் என்று தடவிப் பார்ப்பது தன் தாயின் முகத்தை.

நம் ஊரில் இது விளங்காதவர்கள் இருக்க முடியாது. என் மகளுக்கு வைத்திருப்பது என் அம்மாவின் பெயர். அதனாலேயே அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. பாப்பா என்பேன், கோபம் வந்தால் ஏட்டி என்பேன். மஸ்கட்டில் என் கட்டிலுக்குத் தலைமாட்டில் ஒட்டியிருந்தது ஒரே ஒரு போட்டோ. அதில் பேத்தி மடியில் உட்கார்ந்திருப்பாள், ஆச்சி சிரித்துக்கொண்டிருப்பாள். அந்த நாட்களில் நான் யார் முகத்தைத் தேடி அதைப் பார்த்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆச்சி போய் ஆறு வருடம் ஆகிறது.

சரி, படத்துக்கு வருவோம். இந்தக் காட்சியை 1986-ல் தியேட்டரில் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஏனென்றால் வெட்டிவிட்டார்கள்.

நீளம்தான் காரணம். நீளமான படம் என்றால் ஒரு நாளைக்கு ஓட்டுகிற காட்சி குறையும். கணக்குப் பார்க்கிறவர்களுக்கு அது நஷ்டம். தியேட்டருக்கு வந்த படம் 137 நிமிடம். மகள் கொண்டுவந்த டிஸ்க்கில் இருப்பது பல வருடம் கழித்து வெட்டியதையெல்லாம் ஒட்டிச் சேர்த்த 154 நிமிடப் படம். போன 17 நிமிடத்தில் இந்தக் காட்சியும் ஒன்று. வீவருக்கு இதில் ரொம்ப வருத்தம். மகளை இழந்தவள் என்பதை அஸ்திவாரமாக வைத்துத்தான் படம் முழுக்க அவர் நடித்திருந்தார்.

எனக்கும் கோபம்தான் வந்தது. சுடுவதில் பத்து நிமிடம் குறைத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? தாயும் பிள்ளையும் வருகிற இடத்தில்தான் கத்தரிக்கோல் வைக்க வேண்டுமா?

அதற்கு மகள் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது. "வெட்டுனாலும் போகலம்மா. அந்தக் குட்டிப் பொண்ணு முகத்தத் துடைக்கிற சீனைப் பாரு."

பார்த்தேன். நியூட் என்று ஒரு குழந்தை. ஊரே அழிந்த இடத்தில் தனியாக ஒளிந்து பிழைத்தது. பேசாது. ரிப்ளி அதற்குச் சூடாகக் குடிக்கக் கொடுத்து, அழுக்கு முகத்தை மெதுவாகத் துடைப்பாள். முன்பு ஒரு பிள்ளைக்கு முகம் துடைத்த கை அது. நர்ஸ் துடைப்பதற்கும் அம்மா துடைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டையும் செய்தவள் நான், எனக்குத் தெரியும். தியேட்டரில் பார்த்தவர்களுக்கு ரிப்ளிக்கு மகள் இருந்தாள் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆனாலும் படத்தின் முடிவில் அந்தக் குழந்தை ஓடிவந்து கட்டிக்கொண்டு அம்மா என்று கூப்பிடும்போது கண் கலங்காதவர்கள் குறைவாகத்தான் இருந்திருப்பார்கள்.

நியூட்டாக நடித்த கேரி ஹென் நடிகையே அல்ல. ஒன்பது வயது. அப்பா அமெரிக்க விமானப் படையில் இருந்ததால் இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பிள்ளை. நூற்றுக்கணக்கான குழந்தைகளைப் பார்த்து, விளம்பரப் படத்தில் நடித்த பிள்ளைகள் வசனம் முடிந்ததும் பல்லைக் காட்டிச் சிரிக்கின்றன என்று ஒதுக்கி, இந்தக் குழந்தையை எடுத்தார்கள். அவள் பிறகு நடிக்கவே வரவில்லை. வளர்ந்து டீச்சராகிவிட்டாள். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

கடைசி வரை இந்தப் படத்தில் அவசரம் தீரவில்லை. இசையமைக்க லண்டன் வந்த ஜேம்ஸ் ஹார்னருக்குப் படம் தயாராக இல்லை. ஷூட்டிங்கும் எடிட்டிங்கும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மிச்சமிருந்த கொஞ்ச நாளில் எழுத வேண்டியதாயிற்று. ஒரு முக்கியமான பகுதியை ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுத்தார் என்கிறார்கள். இனி இந்த ஆளோடு வேலை செய்வதில்லை என்கிற அளவுக்குக் கசந்து போனது. அந்த இசைக்கு ஆஸ்கார் பரிந்துரை வந்தது. பதினோரு வருடம் கழித்து இரண்டு பேரும் சேர்ந்து 'டைட்டானிக்' செய்தார்கள். அதில் ஹார்னர் ஆஸ்கார் வாங்கினார். இதையெல்லாம் பார்க்கும்போது, சண்டை போட்டவர்களிடம் போன் நம்பரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது என்று தோன்றுகிறது.

1986 ஜூலை 18-ல் படம் வந்தது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 8.5 கோடி டாலர் வசூல். ஏழு ஆஸ்கார் பரிந்துரை, விஷுவல் எஃபெக்ட்ஸுக்கும் ஒலிக்கும் இரண்டு விருது. குப்பைப் பையில் ஆரம்பித்த ராணிக்கு ஸ்டான் வின்ஸ்டன் மேடையேறினார். விண்வெளிப் படத்தில், ஜந்துவோடு சண்டை போட்ட வேடத்துக்கு, சிகோர்னி வீவர் சிறந்த நடிகைக்கான பட்டியலில் இருந்தார். அந்த மாதிரிப் படங்களை விருதுக்காரர்கள் திரும்பிப் பார்க்காத காலம் அது. மகளைப் பற்றிய காட்சி இல்லாத படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள்.

படம் முடிந்தபோது மணி நாலாகிவிட்டது. மகள் எழுந்து போய்க் காபி கலந்துகொண்டு வந்தாள். ஆச்சி கலப்பதுபோலவே, டிகாஷன் தூக்கலாக. குடித்துக்கொண்டிருக்கும்போது, "அந்தப் பட்டுப் பாவாடை இன்னும் பரண்ல இருக்காம்மா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். எந்தப் பாவாடை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

மூன்றாம் பாகமும் வாங்கி வந்திருந்தாள். 1992-ல் வந்தது. அதற்கு இரண்டு டைரக்டர்கள் வந்து போய், மூன்றாவதாக டேவிட் ஃபின்சர் என்கிற இளைஞர் வந்தார். அதுதான் அவருக்கு முதல் படம். அவர் பிற்பாடு பெரிய டைரக்டர் ஆனார். ஆனால் அந்தப் படத்தின் ஆரம்பத்திலேயே, எழுத்து ஓடுகிறபோதே, நியூட்டைக் கொன்றுவிடுகிறார்களாம். கேமரூனுக்கே அது பிடிக்கவில்லையாம். "நீ அதப் பாக்காண்டாம்மா" என்றாள் மகள்.

லீவு முடிந்து அவள் சென்னைக்குப் போய்விட்டாள். டிஸ்க் டி.வி.க்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உறையைப் பிரிக்கவில்லை.